தலைவலிக்கும் கால்வலிக்கும் நடுவில் தண்ணி

கம்ப்யூட்டரில் வேர்ட் ஃபைலில் ஒரு டேபிள் கோணலாகக் கிடந்தால் நீங்கள் முதலில் என்ன செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் கடைப் பக்கம் வரும்போதெல்லாம் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன். மௌசால் கோட்டைப் பிடித்து இழுக்கிறீர்கள். அந்தக் கோடு நேராகிறது, பக்கத்துக் கோடு நகர்ந்துவிடுகிறது. அதையும் பிடித்து இழுக்கிறீர்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் பார்க்க அழகாகிவிடுகிறது, பிரிண்ட் கொடுத்துவிடுகிறீர்கள். வாடிக்கையாளரும் சந்தோஷமாகப் போகிறார்.

தப்பு சொல்லவில்லை. ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் இந்த பிரிண்ட் கடையில் உட்கார்ந்து எத்தனையோ வருடம் நானும் அதைத்தான் செய்தேன். சுற்றிலும் ஆஸ்பத்திரிகள், லேப்கள், மருந்துக்கடைகள். நம்மிடம் வருகிறவர்களுக்கு எப்போதும் அவசரம். ஒரு கையில் ஸ்கேன் கவர், ஒரு கையில் போன், வாசலில் ஆட்டோ. அவர்களை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்க யாருக்கும் மனசு வராது.

ஆனாலும் நான் கொஞ்சம் மெதுவானவள். வேலை செய்யும்போது ஸ்டெல்லாக்கா பாதித் தூக்கத்தில் இருப்பாள் என்று கடையில் கேலி பேசுவார்கள். அதில் உண்மை உண்டு. மத்தியானம் கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகு, தெருவில் வெயில் வெள்ளையாக நின்றுவிடும். மேலே காற்றாடி சுற்றும். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், தெரு முடிகிற இடத்தில், ஏற்காட்டு மலை நீலமாகக் கரைந்து தெரியும். திரையில் இருக்கும் கட்டங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஏதோ ஒரு நிமிஷத்தில் கோடுகள் மறைந்து, உள்ளே இருக்கும் வார்த்தைகள் மட்டும் தண்ணீரில் மிதப்பதுபோல ஆகிவிடும். அப்போதுதான் எனக்குத் தப்பு தெரியும். முறைத்துப் பார்க்கும்போது தெரிந்ததே இல்லை.

ஒருமுறை ஒரு கல்லூரி ஆசிரியை அழுதுகொண்டே வந்தார். ஆராய்ச்சிக் கட்டுரையின் டேபிளில் பாதி வரிகளைக் காணோம், அழிந்துவிட்டன என்றார். ஒன்றும் அழியவில்லை. வரிசையின் உயரத்தை யாரோ இவ்வளவுதான் என்று பூட்டி வைத்திருந்தார்கள். அதற்குமேல் இருந்த எழுத்தெல்லாம் கட்டத்துக்குள்ளேயே மறைந்து கிடந்தது. பூட்டை எடுத்ததும் வரி வரியாக வெளியே வந்தது. அந்த அம்மா திரையைத் தொட்டுப் பார்த்தார். அதுபோன்ற வேலைகளில் எனக்குத் தனி ஆசை. ஏதோ பூ மலர்கிற மாதிரி இருக்கும்.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. கவிதாவின் அப்பாவைப் பற்றி.

அது ஒரு சித்திரை மாத மத்தியானம். ஒரு பெண் உள்ளே வந்தாள். முப்பது வயது இருக்கலாம். சேலையில் அங்கங்கே பஞ்சுத் துகள் ஒட்டியிருந்தது. தறி ஓடும் வீட்டிலிருந்து வருகிறாள் என்று பார்த்ததும் தெரிந்தது. கையில் மாத்திரைப் பை.

"அக்கா, ஒரு சின்ன வேலைங்க. இது ஒரே பக்கத்துல வரணும். கடைசி வரிசை அடுத்த பக்கத்துக்குப் போயிடுதுங்க."

போனிலிருந்து ஃபைலை அனுப்பினாள். திறந்தேன். ஒரு டேபிள், அவ்வளவுதான். வரிசைக்கு மூன்று பெரிய கட்டம். கட்டத்துக்கு ஒரு வார்த்தை, தடித்த எழுத்தில். கடைசியில் ஒரு காலி வரிசை மட்டும் தனியாக இரண்டாம் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. அதில் எதுவுமே எழுதவில்லை.

இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அந்த வரிசையை நீக்கினால் வேலை முடிந்தது. எனக்குப் பின்னால் ஜெராக்ஸுக்கு ஆட்கள் நின்றார்கள். கரண்ட் போய்ப்போய் வந்துகொண்டிருந்தது. வரிசையைத் தேர்ந்தெடுத்து விரலையும் விசைமேல் வைத்துவிட்டேன்.

ஆனால் என் கண் வழக்கம்போல மேலே போய் மிதக்க ஆரம்பித்துவிட்டது. மனசுக்குள் குறுக்கே படித்தேன். சோறு, டீவி, காப்பி. தலைவலி, தண்ணி, கால்வலி. உக்காரணும், நெஞ்சு வலி, வெளிய போகணும்.

தலைவலிக்கும் கால்வலிக்கும் நடுவில் தண்ணிக்கு என்ன வேலை?

விரலை எடுத்துவிட்டேன். "இது யாருக்கும்மா?" என்றேன்.

"எங்கப்பாவுக்குங்க."

அப்பா பெயர் கந்தசாமி. வெண்ணந்தூரில் நெசவு. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா இந்தக் கட்டங்களைப் போட்டுக் கொடுத்தாராம். வேண்டியதை இடது கையால் தொட்டுக் காட்ட வேண்டும். வார்டில் இருந்தவரைக்கும் நன்றாகத்தான் தொட்டாராம். பசித்தால் சோறு, தாகம் என்றால் தண்ணி.

"ஊட்டுக்கு வந்தப்புறம் எல்லாம் பெரண்டு போச்சுங்க அக்கா. சோறு தின்னு முடிச்சதும் நெஞ்சு வலிங்கறாரு. தூக்கிட்டு ஓடுவோம். எல்லாம் எடுத்துப் பாத்துட்டு ஒண்ணுமில்லேம்பாங்க. மறுநாளும் அதேதான். படுக்கணும்னு தொடுவாரு, படுக்க வெச்சா படுக்கையிலயே ஒண்ணுக்குப் போயிடறாரு. பாத்ரூமுன்னு தொடுவாரு, நானும் அம்மாவும் மாறி மாறித் தூக்கிட்டுப் போனா, அங்க போகாம அழுவறாருங்க."

அவள் குரல் சட்டென்று இறங்கியது.

"மாமா, அம்மா கூடப் பொறந்தவரு, குமாரபாளையத்துல இருந்து வந்திருக்காரு. புத்தி கலங்கிடுச்சு, தூங்க வெக்கிற மாத்திரை வாங்கிக் குடுத்தரலாம், இந்தப் பேச்சுப் பயிற்சியெல்லாம் வெட்டி வேலைங்கறாரு. நாளைக்கு வேற டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறோம். அப்பா எப்படித் தப்புத்தப்பாத் தொடறாருன்னு அவருக்குக் காட்டணும். அதுக்குத்தாங்க இது. ஊட்ல இருக்கற தாளு ரசம் ஊத்தி ஊறிப் போச்சு."

நான் இப்போது செய்து கொடுக்கப் போகும் அந்த அழகான, ஒரே பக்கத் தாள்தான் நாளைக்கு அந்த மனிதருக்குப் புத்தி இல்லை என்பதற்குச் சாட்சி.

"ஆஸ்பத்திரில குடுத்த தாளும் இதேதானா?" என்று கேட்டேன்.

"இதேதாங்க. டீவி மட்டும் நாங்க சேத்தோம். ஊட்டுக்கு வந்ததும், அப்பாவுக்கு டீவி பாக்கப் புடிக்குமேன்னு, பஸ் ஸ்டாண்டு கிட்ட ஒரு கடைல குடுத்துச் சேத்து பிரிண்ட் எடுத்தேன்."

நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். டேபிளில் புதிதாக ஒரு கட்டம் செருகும்போது மெஷின் நம்மைக் கேட்கும், மற்றதை வலப்பக்கம் தள்ளவா, கீழே தள்ளவா என்று. யாரோ அவசரத்தில் கீழே தள்ளு என்று சொல்லியிருக்கிறார்கள். டீவி நடுப்பத்தியின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குக் கீழே இருந்த வார்த்தைகள் எல்லாம் ஒவ்வொரு படி இறங்கிவிட்டன. இறங்கியது போக இடம் போதாமல் அடியில் ஒரு புது வரிசை முளைத்தது. அதுதான் நான் நீக்கப்போன அந்தக் காலி வரிசை. நான் அதை நீக்கியிருந்தால், நடந்ததற்கு இருந்த ஒரே தடயமும் போயிருக்கும்.

ஒரு தாளில் பழையபடி எப்படி இருந்திருக்கும் என்று எழுதிப் பார்த்தேன். டீவியை எடுத்துவிட்டு நடுப்பத்தியை ஒரு படி மேலே ஏற்றினால்: சோறு, தண்ணி, காப்பி. தலைவலி, நெஞ்சு வலி, கால்வலி. உக்காரணும், படுக்கணும், வெளிய போகணும். மூஞ்சி கழுவணும், பாத்ரூம், குளிக்கணும். கடைசி வரிசையில் இடது பக்கம் பாவாயி, வலது பக்கம் கவிதா, நடுவில் ஒன்றுமில்லை.

"பாவாயி யாரு?"

"எங்கம்மாங்க."

ஒவ்வொரு வரிசையும் ஒரு குடும்பம்போலச் சேர்ந்துவிட்டது. சாப்பாடு ஒரு வரிசை, வலி ஒரு வரிசை, உடம்பு ஒரு வரிசை, சுத்தம் ஒரு வரிசை, மனுஷர்கள் ஒரு வரிசை. அந்த டாக்டரம்மா யோசித்துத்தான் போட்டிருக்கிறார்.

கவிதாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, விரலால் காட்டினேன். "உங்கப்பா எழுத்தைப் படிக்கலைன்னு நெனைக்கிறேம்மா. இடத்தைத் தொடறாரு. சாப்பிட்டு முடிச்சதும் தொட்ட இடத்துல முன்னால என்ன இருந்திருக்கும்? படுக்கணும். அவர் கட்டையைச் சாய்க்கணும்னு கேட்டிருக்கிறாரு. நீங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்கீங்க. படுக்கணும்னு இப்ப எழுதியிருக்கற எடம் முன்னால பாத்ரூம்."

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "டீவி..." என்றாள். "டீவியைத் தொட்டுக்கிட்டே இருப்பாருக்கா. போட்டு வுட்டா பாக்கவே மாட்டாரு. திரும்பத் திரும்ப அதையே தொடுவாரு. நாங்க சேனலை மாத்துவோம்."

தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு குடிக்காமலே இருந்தாள்.

இந்த இடத்தில்தான் நான் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். சரியான டேபிள் என் திரையில் தயாராக இருந்தது. பிரிண்ட் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் அது என் ஊகம். அந்தத் தாளில் நெஞ்சு வலி என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதை நான் இங்கே உட்கார்ந்துகொண்டு ஒரு படி மேலே ஏற்றிவிட, அந்த மனிதருக்கு நிஜமாகவே நெஞ்சு வலித்து, இவர்கள் பாயை விரித்துப் படுக்க வைத்தால்? நான் டாக்டரில்லை. மற்ற டேபிளில் ஒரு வார்த்தை இடம் மாறினால் திருத்திக்கொள்ளலாம். இதில் முடியாது.

வார்டில் இருந்த தாள் அங்கேயே தங்கிவிட்டதாம். பழைய ஃபைல் கிடைக்குமா என்று அவள் போனில் தேடினோம். வந்த செய்தி இருந்தது, ஃபைல் இறங்க மறுத்தது. டாக்டரம்மாவுக்கு அழைத்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விவரம் எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம்.

அப்போது கண் முன்னால் இருந்த திரையில் ஒன்று செய்து பார்த்தேன். எல்லா வார்த்தைகளையும் அழித்துவிட்டு வெறும் கோடுகளை மட்டும் வைத்தேன். காலியான கட்டங்கள். அதை அதே அளவில் பிரிண்ட் எடுத்தேன்.

"இதைக் கொண்டுபோய் அவர் முன்னால வெச்சு, தண்ணி எங்கன்னு கேளும்மா. அவரே சொல்லட்டும்."

அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் சொன்னா அம்மா நம்ப மாட்டாங்கக்கா. மாமா பேசவே வுட மாட்டாரு. நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்."

கடைக்காரியை வீட்டுக்குக் கூப்பிடுகிறாள். நானும் கிளம்பிவிட்டேன். இப்போது நினைத்தால் ஏன் என்று தெரியவில்லை. காலிக் கட்டத் தாளோடு, வார்த்தைகளைத் திருத்திய தாளையும் பிரிண்ட் எடுத்து ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டு, கடையை முதலாளி அம்மாவிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

ஜன்னலோர இடம். வெளியே வெயிலில் எல்லாம் கொஞ்சம் ஆடித் தெரிந்தது. கல்குவாரி, மரவள்ளிக் காடு, கோழிப்பண்ணையின் நீளக் கூரை, மறுபடி மரவள்ளி. மடியில் அந்தக் காலிக் கட்டங்கள். கவிதா என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அவள் பல நாளாகத் தூங்கவில்லை என்று நினைக்கிறேன். அவள் கனம் என் தோளில் இருக்க, நான் மனசுக்குள் அந்தக் கட்டங்களில் வார்த்தைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். பேச முடியாத ஒருவருக்கு உலகம் இவ்வளவுதான். அதிலும் நடுப்பத்தி நழுவிவிட்டால், அவர் எங்கே நின்று கூப்பிடுவார்?

வெண்ணந்தூரில் இறங்கி நடந்தோம். தெரு முழுக்கத் தறிச் சத்தம். ஒரே சீராக, மழை பெய்வதுபோல. கொஞ்சம் போனதும் காது அதைக் கேட்பதை விட்டுவிட்டது.

வீட்டின் முன்கட்டில் இரண்டு தறி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே கட்டிலில் கந்தசாமி அய்யா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். முகத்தின் ஒரு பக்கம் தொங்கியிருந்தது. கண் மட்டும் ரொம்பத் தெளிவாக இருந்தது. நாற்காலியில் மாமா. தறிக்குப் பக்கத்தில் நின்ற பாவாயி அம்மாள் எங்களைப் பார்த்ததும் வந்தார்.

"யாரு கண்ணு இவிய?"

"பிரிண்ட் கடை அக்காம்மா."

"இன்னொரு காயிதமா?" அந்த அம்மாள் கும்பிட்டுவிட்டு, குரலை மட்டும் தாழ்த்தாமல் சொன்னார். "தப்பா நெனச்சுக்காதீங்கம்மிணி. இந்தக் காயிதம் வந்ததுல இருந்துதான் இந்த ஊட்ல நிம்மதி போச்சு. தறிச் சத்தத்துல இத்தன வருசம் கண்ணுலயும் கையிலயும் பேசுன மனுசன். அவரு சொல்றது எனக்குத் தெரியாதுங்களா? இவ கேக்க மாட்டேங்கறா. காயிதத்தத் தொடு, காயிதத்தத் தொடுன்னு உசுர எடுக்கறா."

"உனக்குத் தெரிஞ்சா ஏம்மா நேத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுன?" என்றாள் கவிதா.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். நான் கட்டில் பக்கம் போய்க் கீழே உட்கார்ந்தேன். வெறும் கோடு போட்ட தாளை ஒரு அட்டையில் வைத்து அவர் மடியில் வைத்தேன்.

"என்னுங்க இது, ஒண்ணுமே எழுதல?" என்றார் மாமா.

"ஆமாங்க. எழுத்து வேண்டாம்." பிறகு கட்டிலில் இருந்தவரைப் பார்த்தேன். "அய்யா, தண்ணி எங்கீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். இடது கை மெதுவாக எழுந்தது. ஆடி ஆடிப் போய், முதல் வரிசையில் நடுக் கட்டத்தில் நின்றது. டீவியின் இடம்.

கவிதா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"காப்பிங்கய்யா?" பக்கத்துக் கட்டம். "நெஞ்சு வலிச்சா எங்க தொடுவீங்க?" இரண்டாம் வரிசை நடுக் கட்டம். அதைத் தொட்டுவிட்டு, தலையை இல்லை இல்லை என்று ஆட்டினார். வலி இல்லை என்கிறார். "படுக்கறதுக்கு?" அதற்குக் கீழே. "பாத்ரூம்?" அதற்கும் கீழே.

ஒன்றுகூடத் தப்பவில்லை. எழுத்தே இல்லாத தாளில் அந்த விரல் தன் வீட்டுக்குள் நடப்பதுபோல நடந்தது. நான் கேட்பதை நிறுத்திய பிறகும் அவர் கை மறுபடி தண்ணிக்குப் போனது.

பாவாயி அம்மாள் ஓடிப்போய் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். தலையைத் தாங்கிப் புகட்டினார். அவர் குடித்த சத்தம் தறிச் சத்தத்துக்கு மேலே எனக்குக் கேட்டது. இன்னும் கேட்கிறது.

"மாமா..." என்றாள் கவிதா.

அந்த மனிதர் எழுந்து கட்டில் பக்கம் வந்தார். "மச்சான்," என்று கூப்பிட்டு அய்யாவின் காலைப் பிடித்துக்கொண்டார். "டாக்டர்கிட்டப் போறது இருக்கட்டும் கண்ணு. மொதல்ல அந்தப் பழைய காயிதத்தக் கிழிச்சுப் போடு."

நான் ஃபைலில் இருந்த இன்னொரு தாளை எடுத்தேன். வார்த்தைகள் பழைய இடத்துக்குத் திரும்பிய தாள். கட்டிலில் வைத்ததும் கவிதா அதைப் பார்த்து, "அக்கா, டீவி போயிடுச்சே. கடைசி வரிசைல நடுவுல காலியா இருக்குதில்லீங்க, அங்க எழுதிக்கலாமா?" என்றாள். பேனாவையும் எடுத்துவிட்டாள்.

நியாயமான யோசனைதான். டாக்டரம்மா ஏதாவது சேர்க்க வேண்டும் என்றால் இருக்கட்டும் என்று விட்டுவைத்த இடம். நானாக இருந்தாலும் அங்கேதான் எழுதியிருப்பேன்.

அய்யாவின் கை பேனாவின் மேல் வந்து விழுந்தது. தள்ளிவிட்டார். பிறகு அந்தக் காலிக் கட்டத்தில் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை.

"என்னங்கப்பா? அங்க என்ன வேணும்?"

விரல் அங்கேயே இருந்தது.

எனக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. வார்த்தைகள் கீழே இறங்கிய தாளில் அந்த இடத்தில்தான் பாத்ரூம் என்று இருந்தது. இவர்கள் மாறி மாறித் தூக்கிக்கொண்டு போக, அவர் போகாமல் அழுதாரே, அப்போதெல்லாம் அவர் தொட்டது இந்தக் கட்டத்தை. ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே இதற்கு அவர் ஏதோ அர்த்தம் வைத்திருக்கிறார். யாரும் எழுதிக் கொடுக்காத ஒன்று.

"காத்தாடிங்களா? போர்வையா? சாமி கும்பிடணுமா?" கவிதா ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் தலை இல்லை என்று ஆடியது. கண்ணில் நீர் கட்டிவிட்டது.

பாவாயி அம்மாள் முன்கட்டுக்குப் போய்த் தறியை நிறுத்தினார். ஒன்று நின்றது, இன்னொன்றும் நின்றது. அந்த வீட்டில் திடீரென்று அப்படி ஒரு அமைதி வந்தது. தெருவின் சத்தம் ரொம்ப தூரத்துக்குப் போய்விட்டது. அந்த அம்மாள் வந்து கட்டிலின் ஒரு பக்கம் உட்கார்ந்தார். அய்யாவின் தோளைத் தொட்டார். அவர் விரல் இன்னும் கட்டத்திலேயே இருந்தது. ஆனால் கண் கவிதாவிடம் போயிருந்தது.

"நீயும் உக்காரு கண்ணு," என்றார் அம்மாள். மகளைப் பார்த்து அவர் பேசிய முதல் நேரான வார்த்தை அது.

கவிதா மறுபக்கம் உட்கார்ந்தாள். அவர் விரல் கட்டத்தை விட்டது. கை மடியில் தளர்ந்து விழுந்தது. தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

கவிதா மெல்லிய குரலில் சொன்னாள். "ஆஸ்பத்திரில நாங்க ரெண்டு பேரும் இப்படித்தாங்கக்கா உக்காந்திருப்போம். ஊட்டுக்கு வந்தப்புறம் அம்மா வந்தா நான் தறிக்குப் போயிருவேன். நான் வந்தா அம்மா போயிரும். தறி நிக்கக்கூடாதில்லீங்க."

"சும்மா உக்காந்திருங்கன்னு சொல்றாரு," என்றார் பாவாயி அம்மாள்.

"ரெண்டு பேரும் சண்ட போடாதீங்கன்னு சொல்றாரும்மா," என்றாள் கவிதா.

இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. அந்தக் கட்டத்தில் ஏதாவது எழுதலாமா என்று பிறகு கேட்டபோது, வேண்டாம் என்று மட்டும் தலையாட்டினார். அதனால் எழுதவில்லை. டீவியைத் தாளின் ஓரத்தில், கட்டங்களுக்கு வெளியே, தனியாக ஒரு சின்னப் பெட்டி போட்டு எழுதினோம். அவர் அதை ஒருநாளும் தொட்டதில்லை என்று பிறகு தெரிந்தது. டீவி பிடித்தது அவருக்கில்லை, ஊரிலிருந்து வரும்போதெல்லாம் அவரோடு உட்கார்ந்து பார்த்த மாமாவுக்கு.

நான் கிளம்பும்போது பாவாயி அம்மாள் வாசல்வரை வந்தார். "வாரேனுங்க," என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது வெயில் மஞ்சளாகியிருந்தது. டாக்டரம்மாவிடமிருந்து கவிதாவுக்குப் பதில் வந்துவிட்டது. பழைய தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். என் தாளும் அதுவும் கட்டத்துக்குக் கட்டம் ஒன்றாகவே இருந்தன. கவிதா அதை எனக்கு அனுப்பியிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போய், இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன்.

பேச்சுப் பயிற்சி தொடர்ந்தது. அவருக்குப் பேச்சு முழுசாக வரவில்லை. ஒன்றிரண்டு சத்தம் வந்தது. அதில் ஒன்று பாவாயி என்று அந்த அம்மாள் சொல்வார். காப்பி என்று கவிதா சொல்வாள். ஆனால் யாரும் அவரைப் புத்தி கலங்கியவர் என்று சொல்லவில்லை. நெஞ்சு வலிக் கட்டத்தை ஒரே ஒருமுறை தொட்டாராம். உடனே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்றைக்கு அது நிஜம். சரியான நேரத்துக்கு வந்தீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அந்தச் செய்தி வந்த அன்றைக்கு நான் வேலையை நிறுத்திவிட்டு நெடுநேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு நான் சொல்வதெல்லாம் இவ்வளவுதான். டேபிளைக் கையில் எடுத்ததும் கோட்டைத் தொடாதீர்கள். மேலிருந்து கீழே ஒருமுறை, குறுக்கே ஒருமுறை படியுங்கள். காலியாக இருக்கும் கட்டத்தைப் பார்த்ததும் நிரப்பவும் வேண்டாம், நீக்கவும் வேண்டாம். யாருக்கு என்று கேளுங்கள். பின்னால் நிற்பவர்கள் கொஞ்சம் நிற்கட்டும்.

நான் கடையை விட்டு ஓய்வு பெறுவதற்குச் சில வாரம் முன்னால் கவிதா மறுபடி அழைத்தாள். அப்பாவின் கை இப்போது ரொம்ப நடுங்குகிறது, விரல் பக்கத்துக் கட்டத்துக்கு நழுவுகிறது என்றாள்.

"எல்லாத்தையும் பெருசு பண்ணித் தரவா?" என்றேன்.

"வேண்டாங்கக்கா. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். எடம் மாறக்கூடாது. அந்தக் காலிக் கட்டம் ஒண்ணு மட்டும் பெருசாத் தெரியணும். அதத்தான் இப்ப நெறையாத் தொடறாரு."

ஃபைலைத் திறந்தேன். வேர்டில் ஒரு கட்டத்தின் உயரத்தை மட்டும் கூட்ட முடியாது என்பது உங்களுக்கே தெரியும். வரிசை முழுவதும்தான் கூடும். கடைசி வரிசை என்பதால் மேலே இருந்த தண்ணியும் வலியும் படுக்கையும் அசையவில்லை. கோட்டைக் கீழே இழுத்தேன். நடுவில் காலிக் கட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. இடது பக்கம் பாவாயியும் வலது பக்கம் கவிதாவும் அதோடு சேர்ந்தே பெரிதானார்கள்.